பெண்ணுக்கு எதற்கு உலக வியாபாரம் என்கிறார்கள்



2025 ஜூன் மாதம் எங்கள் வீட்டில் மூன்று நாள் பஞ்சாயத்து நடந்தது. விஷயம் பெரிதொன்றும் இல்லை. என் பெரிய மகள் பி.எஸ்சி. வேதியியலில் சேர்ந்தாள். சேர்க்கைப் படிவத்தில் முக்கியப் பாடத்துக்குக் கீழே இன்னொரு கட்டம் இருந்தது. 'மைனர்' என்று இப்போது சொல்கிறார்களே, அது. நம் காலத்தில் அலைடு, ஆன்சிலரி என்று இருந்ததைப் போலத்தான். ஆனால் ஒரு வித்தியாசம். அலைடு என்றால் கெமிஸ்ட்ரிக்காரர்களுக்கு பிசிக்ஸ், கணக்கு என்று அவர்களே கட்டிக் கொடுத்து விடுவார்கள். இது சம்பந்தமே இல்லாத துறையிலிருந்தும் எடுக்கலாம். நாலு செமஸ்டர், செமஸ்டருக்கு ஒரு பேப்பர். கணினி, உளவியல், இதழியல், சர்வதேச வணிகம் என்று நாலு பெயர் போட்டிருந்தது. இவள் கடைசிப் பெயருக்கு நேராக டிக் அடித்துவிட்டு, "அப்பா, கையெழுத்து" என்று நீட்டினாள்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "கெமிஸ்ட்ரி படிக்கிற பொண்ணுக்கு ஏற்றுமதி இறக்குமதி எதுக்கு? கம்ப்யூட்டர் எடு. இல்லேன்னா ஈஸியா ஒண்ணை எடுத்துட்டு மிச்ச நேரத்துல டி.என்.பி.எஸ்.சி.க்குப் படி" என்றார். மாமியார், "கப்பல் வியாபாரமா பண்ணப் போறா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எதிர்வீட்டு அக்காவோ, "பரம்பரையா கம்பெனி வச்சிருக்கிறவங்க வீட்டுப் பசங்க படிக்க வேண்டியதும்மா அது. நமக்கு எதுக்கு?" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

நான் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்தேன். அன்று வீட்டில் பேசியதையும், அதற்குப் பிறகு ஒரு செமஸ்டரில் நான் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். பெண் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் நேரத்தில் இதே கேள்வி உங்கள் வீட்டிலும் வரும்.

முதலில் 'நமக்கு எதுக்கு' என்பது. நாம் இருப்பது எந்த ஊரில்? குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் தொழிற்சாலையால்தான். பல்லாவரம், பம்மல், நாகல்கேணி என்று அந்தப் பக்கம் முழுக்கத் தோல் பதனிட்டு வெளிநாட்டுக்கு அனுப்பிய ஊர்கள். தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் மத்திய அரசு ஏற்றுமதி மண்டலம் தொடங்கியது. 2003-இல் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று பெயர் மாறினாலும் நமக்கு இன்றும் அது 'மெப்ஸ்'தான். காலையில் சானடோரியம் ஸ்டேஷனில் டிபன் பாக்ஸோடு இறங்கி வேக வேகமாக நடக்கும் பெண்களைப் பாருங்கள். அவர்களுக்கெல்லாம் சம்பளம் எங்கிருந்து வருகிறது? எங்கேயோ ஒரு நாட்டில் ஒரு கடைக்காரர் ஆர்டர் கொடுப்பதால் வருகிறது. உலக வியாபாரம் நம் தெருவில் குடியிருக்கிறது. நாம்தான் அதோடு பேசாமல் இருக்கிறோம்.

அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தியாக இருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால், 1996 முதல் மூன்று வருடம், ஒரு ரெடிமேட் ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் டேபிளில் வேலை. தைத்து வரும் சட்டையில் நூல் பிசிறு, பட்டன், காலர், கறை எல்லாம் பார்த்து ஓ.கே. பீஸ் ஒரு பக்கம், ஆல்டர் ஒரு பக்கம், ரிஜெக்ட் ஒரு பக்கம் பிரித்துப் போட வேண்டும். 'பையர்' வருகிறார் என்றால் இரண்டு நாள் முன்னாலேயே வயிற்றைக் கலக்கும். 'ஷிப்மென்ட்' என்றால் ராத்திரி ஒன்பது மணி வரை ஓவர்டைம். 'கோட்டா முடிஞ்சுடுச்சு' என்றால் வேலை குறையும். இந்த வார்த்தைகள் எல்லாம் தெரியும். ஒன்றுக்கும் அர்த்தம் தெரியாது. மழை வருவது போல அவை வரும், போகும். நாங்கள் நனைவோம், அவ்வளவுதான்.

1998-இல் தீபாவளிக்கு முந்தின மாதம் எங்களுக்குச் சம்பளம் வரவில்லை. சரக்கெல்லாம் கப்பலேறிவிட்டது. நாங்களே மாங்கு மாங்கென்று பார்த்துக் கட்டிய பெட்டிகள். ஆனாலும் பணம் வரவில்லை. "பாங்க்ல நிக்குது" என்றார் மேனேஜர். பிறகு காதில் விழுந்த செய்தி: ஆபீசில் டைப் அடிக்கும் பெண் ஒரு பேப்பரில் பெட்டிகளின் எண்ணிக்கையை மாற்றி அடித்துவிட்டாளாம். பம்மலில் இருந்து வரும் பெண். எங்களை விடச் சின்னவள். அந்த வாரமே அவளை நிறுத்திவிட்டார்கள். கேன்டீனில் நாங்கள் அவளைத் திட்டாத திட்டில்லை. 'இவ ஒருத்தியால எல்லார் தீபாவளியும் போச்சு' என்று நானும் சொன்னேன். சம்பளம் பண்டிகை முடிந்துதான் வந்தது.

ஒரு நம்பர் தப்பாக அடித்தால் எப்படி நூறு பேருக்குச் சம்பளம் நிற்கும் என்று அன்று யாரும் சொல்லவில்லை. கேட்கவும் எங்களுக்குத் தோன்றவில்லை. இருபத்தேழு வருடம் கழித்து, முதல் செமஸ்டர் பாடத்தைச் சமையலறை வாசலில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்த என் மகளிடமிருந்து தெரிந்துகொண்டேன்.

லெட்டர் ஆஃப் கிரெடிட் என்று ஒன்று இருக்கிறது. வாங்குகிறவர் முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர். சரக்கை அனுப்பிவிட்டுப் பணம் வருமா என்று இவருக்குப் பயம். பணத்தைக் கொடுத்துவிட்டுச் சரக்கு வருமா என்று அவருக்குப் பயம். நடுவில் பாங்க் வருகிறது. வாங்குகிறவருடைய பாங்க், 'இன்னின்ன பேப்பர்களை இந்தத் தேதிக்குள் கொண்டு வாருங்கள், எல்லாம் நாங்கள் சொன்னபடி இருந்தால் பணம் கொடுக்கிறோம்' என்று எழுதிக் கொடுக்கிறது. இன்வாய்ஸ், எந்தப் பெட்டியில் எத்தனை என்ற பட்டியல், கப்பல் கம்பெனி கொடுக்கும் ரசீது இவைதான் அந்தப் பேப்பர்கள். இதில் கவனிக்க வேண்டியது, பாங்க் சரக்கைப் பார்ப்பதே இல்லை. சட்டை நன்றாக இருக்கிறதா, கிழிந்திருக்கிறதா என்பது அதற்குத் தேவையில்லை. பேப்பரும் பேப்பரும் பொருந்த வேண்டும். ஒன்றில் 412 என்றும் மற்றொன்றில் 421 என்றும் இருந்தால் பணத்தை நிறுத்தி வைக்கலாம். அப்புறம் வாங்குகிறவர் 'பரவாயில்லை, கொடுங்கள்' என்று சொல்ல வேண்டும். அவர் சும்மா சொல்வாரா? 'விலையில் கொஞ்சம் குறை' என்பார்.

நான் கத்தரிக்காயை அப்படியே வைத்துவிட்டு அந்தப் பழைய கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு என் மகள் சொன்னாள்: "அம்மா, சரக்கு ஏத்தின தேதியில இருந்து பொதுவா 21 நாள் இருக்கும், கிரெடிட் காலாவதியாகறதுக்குள்ள. அதுக்குள்ள தப்பைத் திருத்தி மறுபடி கொடுத்திருக்கலாம். அந்த அக்கா அடிச்சதை யாராவது ஒருத்தர் சரிபார்த்திருக்கணும். அவங்க மேல மட்டும் எப்படிப் பழி போட்டாங்க?"

எனக்குப் பதில் இல்லை. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிய அந்தப் பெண்ணுக்கு, தான் அடிக்கும் பேப்பர் என்னவென்று ஒருவரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். சொல்லித் தந்திருந்தால் அவளே இரண்டு முறை பார்த்திருப்பாள். அன்று நான் பேசிய பேச்சுக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

சரி, அந்தப் படிவத்துக்கு வருகிறேன். "வணிகம்தான் வேணும்னா பி.காம்., பி.பி.ஏ.ன்னு முழுசா படிக்கட்டுமே, எதுக்கு அரைகுறை?" என்று என் தம்பி போனில் கேட்டான். எனக்கு இதில் அழுத்தமான அபிப்பிராயம் உண்டு. உலக வணிகம் துணைப்பாடமாக இருப்பதுதான் நல்லது. வியாபாரம் என்றால் ஏதோ ஒரு பொருளை விற்பதுதானே? அந்தப் பொருளைத் தெரியாமல் விற்பதை மட்டும் படித்து என்ன செய்வது? தோல் தெரிந்தவள், துணி தெரிந்தவள், மருந்து தெரிந்தவள், கூடவே இதையும் படித்தால் இரண்டு பக்கமும் பேசுவாள்.

வேதியியலுக்கும் ஏற்றுமதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட என் கணவருக்கு நம் பக்கத்து ஊரையே உதாரணம் சொன்னேன். தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க பென்டாகுளோரோபினால் என்ற மருந்தைப் போடுவார்கள். 1989-இல் ஜெர்மனி அதைத் தடை செய்தது. அதோடு தமிழ்நாட்டுத் தோல்காரர்கள் வேறு மருந்து தேட வேண்டி வந்தது. 1994-இல் அதே நாடு சில அசோ சாயங்களுக்குத் தடை கொண்டுவந்தது. அது தோலோடு துணியையும் பிடித்தது. எங்கள் கம்பெனியில் துணி உருளை வந்து இறங்கியதும் முதலில் சாயச் சான்றிதழ் எங்கே என்று ஏன் கேட்டார்கள் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. பிறகு 2015 மே மாதம் முதல் ஐரோப்பிய யூனியனில் இன்னொரு சட்டம். உடம்பில் படுகிற தோல் பொருளில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக்கூடாது. பதனிடும்போது போடுவது ஆபத்து குறைந்த மூன்று இணைதிறன் குரோமியம்தான். சரியாகப் பக்குவம் செய்யாவிட்டால் அது பின்னால் ஆறாக மாறிவிடும் என்கிறாள் மகள். குரோமியத்தின் பெயரையே வைத்துக்கொண்டிருக்கும் ஊர் நம்முடையது! அடையாறில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்தச் சட்டத்தைப் படித்துப் புரிந்துகொண்டு, ஆய்வுக்கூடத்திலும் நின்று, வெளிநாட்டுக்காரருக்குக் கடிதமும் எழுதத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு இங்கே வேலை இல்லையா? அவர் பதில் பேசவில்லை. ஆனால் பேனாவைத் திறந்தார்.

இவ்வளவு சொன்னதால் இந்தப் பாடம் எங்கே கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுங்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பெயரைக் கேட்டு ஏமாறுவதும் நடக்கிறது. எங்கள் தெருவிலேயே ஒரு பெண் வேறொரு கல்லூரியில் இதே மாதிரி ஒரு பாடத்துக்குத் தனியாகப் பணம் கட்டிப் படித்தாள். பளபளவென்று சான்றிதழும் வாங்கினாள். உலகமயமாதல் என்றால் என்ன, அதன் நன்மை தீமைகள் யாவை என்று இரண்டு வருடம் மனப்பாடம் செய்ததுதான் மிச்சம். ஒரு இன்வாய்ஸைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை அந்தப் பெண்.

அதனால் சேர்க்கும் முன்னால் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். பாடத்திட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். போன வருட வினாத்தாளைக் கேளுங்கள். பாடம் எடுப்பவர் யார், அவர் எப்போதாவது ஒரு ஏற்றுமதி அலுவலகத்தைப் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். என்ற விலை முறைகளைக் கணக்குப் போட்டுக் கற்றுத் தருகிறார்களா, அர்த்தம் மட்டும் எழுத வைக்கிறார்களா என்று பாருங்கள். சரக்கு நடுக்கடலில் நனைந்தால் நஷ்டம் யாருக்கு, கப்பல் கூலி யார் கட்டுவது என்பதையெல்லாம் தீர்க்கிற விதிகள் அவை. 1936 முதல் இருக்கின்றன. இப்போது நடப்பது 2020-ஆம் வருடப் பதிப்பு. உங்கள் பெண் கையில் இருப்பது பழைய புத்தகமா என்று பார்க்க இது ஒரு நல்ல வழி. இன்னொன்று, பணம் கட்டித்தான் படிக்க வேண்டும் என்றும் இல்லை. ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம், தேர்வு எழுதினால்தான் கட்டணம். என்ஜினீயரிங் பிள்ளைகளுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையிலேயே, கூடுதலாக 18 கிரெடிட் படித்து மைனர் வாங்க இடம் இருக்கிறது. தொழில் முனைவு, பிசினஸ் டேட்டா அனலிட்டிக்ஸ் போன்றவை அதில் உண்டு.

இந்தப் பாடத்தின் மேல் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. ஒரு நாள் மகளைக் கேட்டேன், "உன் புத்தகத்துல செக்கிங் டேபிள்ல நிக்கறவங்களைப் பத்தி எத்தனை பக்கம்டீ இருக்கு?" புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணரை பக்கம்மா" என்றாள். கம்பெனி எப்படி லாபம் பார்ப்பது, எந்த நாட்டில் கூலி மலிவு என்பதெல்லாம் அத்தியாயம் அத்தியாயமாக இருக்கிறது. அந்த மலிவுக் கூலி யாருடைய கூலி? எங்களைப் படுத்திய அந்தக் கோட்டா, 1974-இல் பணக்கார நாடுகள் ஜவுளிக்குப் போட்ட ஒப்பந்தத்தால் வந்ததாம். 2005 ஜனவரி 1-ஆம் தேதியோடு போய்விட்டதாம். நல்லதுதான். அது இருந்தபோதும் போனபோதும் தையல் மெஷினில் இருந்த பெண்களுக்கு என்ன ஆயிற்று என்று யாராவது எழுதிச் சேர்த்தால் தேவலை. நம் பெண்கள் படித்துப் பெரிய ஆபீசில் உட்கார்ந்தால் அந்த ஒண்ணரை பக்கத்தையாவது மறக்காமல் இருப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை.

அடுப்படியில் இருக்கிற நமக்கும் இதில் தெரிந்துகொள்ள விஷயம் இருக்கிறது. பெரிய கடையில் மளிகை வாங்கினால் பில்லில் எச்.எஸ்.என். என்று ஒரு நம்பர் போடுகிறார்களே, பார்த்திருக்கிறீர்களா? 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து நான் பார்க்கிறேன், என்னவென்று கேட்டதில்லை. 1988 முதல் உலகத்தின் பெரும்பாலான சுங்க இலாகாக்கள் பயன்படுத்தும் நம்பர் அது. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டிலும் ஒன்றே. மிளகும் காய்ந்த மிளகாயும் 0904. இஞ்சியும் மஞ்சளும் 0910. சிங்கப்பூரிலும் அதே, ஜெர்மனியிலும் அதே. மாமியாரிடம் சொன்னேன். "மொளகாய்க்கு எல்லா ஊர்லயும் ஒரே பேரா!" என்று அதிசயப்பட்டுப் போனார். அன்றிலிருந்து பில்லை எடுத்துக் கண்ணாடி போட்டுப் பார்க்கிறார்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குகளுக்கு 50 சதவீத வரி போட்டது நினைவிருக்கும். திருப்பூரே கலங்கிப் போயிற்று. எங்கள் வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், "அவ்வளவு வரியை நம்ம ஆளுங்க எப்படிக் கட்டுவாங்க?" என்றார். "நம்ம ஆளுங்க கட்ட மாட்டாங்கப்பா. அங்க இறக்குமதி பண்றவர்தான் அவங்க துறைமுகத்துல கட்டணும். ஆனா அவர் இங்க ஃபோன் பண்ணி, விலையைக் குறை, இல்லேன்னா பங்களாதேஷ்ல வாங்கிக்கறேன்னு சொல்வார். அதான் அடி" என்றாள் மகள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். டி.வி.யில் அரை மணி நேரமாக நாலு பேர் கத்திக்கொண்டிருந்ததில் கிடைக்காத பதில் அது. மறைமலைநகரில் ஃபோர்டு கம்பெனி கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தபோது அந்தப் பக்கத்து வீடுகளில் என்ன பாடு என்பது நமக்குத் தெரியும். ஒரு முடிவு எங்கே எடுக்கிறார்கள், எதற்காக எடுக்கிறார்கள் என்று வீட்டில் ஒருத்திக்காவது புரிந்தால், அடுத்த வேலையை எங்கே தேடுவது என்றாவது யோசிக்கலாம் இல்லையா?

முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்தது. வேதியியலில் 78. இதில் 61. "பாத்தியா, 61 தான்" என்றார் அவர். விடுவாரா! ஆய்வுக்கூடம் இருக்கிற நாளில் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிறகு இந்த வகுப்பு. மின்சார ரயிலில் நின்றுகொண்டே வந்து வீடு சேர ஏழு மணி ஆகிறது. களைப்பு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பாடம் கூடுதல் என்றால் பாரமும் கூடுதல்தான், அதையும் யோசித்துத்தான் சேர்க்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெண்கள் யாராவது இந்தத் துணைப்பாடத்தை முடித்து வேலைக்குப் போயிருந்தால் இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். இன்டர்வியூவில் அதைப் பற்றிக் கேட்டார்களா, எந்தப் பேப்பர் கை கொடுத்தது, எது வீண் என்று தெரிந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு உபயோகமாக இருக்கும். 1998-இல் பம்மலில் இருந்து சானடோரியத்துக்கு டைப்பிஸ்ட் வேலைக்கு வந்து, ஒரு நம்பரால் வேலை போன பெண் இதைப் படிக்க நேர்ந்தால், அவரும் எழுதட்டும். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அடுத்த மாதம் வகுப்புப் பிள்ளைகளைச் சென்னைத் துறைமுகத்துக்கு அழைத்துப் போகிறார்களாம். பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று படிவத்தை நீட்டினாள். அவர் ஆபீசிலிருந்து வரும் வரை காத்திருக்கவில்லை. நானே போட்டுக் கொடுத்துவிட்டேன்.

— ஒரு வாசகி, கிழக்கு தாம்பரம்